அரங்கேற்று காதையும் நேரலை அரங்கமும்

சிலப்பதிகாரம் பயில்வோர் பலரும் விரைந்து கடந்துவிடும் பகுதி ஒன்று உண்டெனின், அது புகார்க் காண்டத்து மூன்றாவதாகிய அரங்கேற்று காதையே. கண்ணகியின் மங்கல வாழ்த்தும் மனையறமும் கற்போர் நெஞ்சில் எளிதில் பதிகின்றன. அவற்றையடுத்து ஆடலாசான், இசையாசான், புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் எனப் பலருடைய இலக்கணம் அடுக்கடுக்காக வரும்போது மாணவர் மயங்குகின்றனர்; ஆசிரியரும் அரங்கின் நீள அகலங்களை மனப்பாடஞ் செய்வித்து அமைகின்றனர். கதையை நிறுத்திவைத்துக் கலைச்சொற்களை அடுக்கினார் இளங்கோ என்று குறை கூறுவாரும் உளர். இக் குறை பொருந்துமா என்பதை ஆராய்தல் வேண்டும். அதற்கு இக்காலத்துக் கலை ஒன்று துணைசெய்கின்றது. அது பல காமிராக்களைக் கொண்டு நிகழும்போதே நிகழ்ச்சியை ஒளிபரப்பும் தொலைக்காட்சிக் கலையாகும்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுதல் நன்று. பழந்தமிழர் தொலைக்காட்சியை அறிந்திருந்தனர் என்று நிறுவுவது இக் கட்டுரையின் கருத்தன்று. அத்தகைய பேச்சு தமிழுக்குப் பெருமை சேர்ப்பதாகத் தோன்றினும் உண்மையில் நூலின் உண்மைச் சிறப்பை மறைப்பதாகும். இளங்கோ கண்ட அரங்கிற்குக் கண்ணாடி வில்லையும் இல்லை, மின்னலையும் இல்லை. பலர் கூடி, ஒரு கணத்தில், திருத்த இயலாத ஒன்றைச் செய்தல் என்னும் தொழில் நிலையே இரண்டிற்கும் பொதுவானது. ஒப்புமை அந் நிலையளவில் நிற்பதே முறை.

நேரலையின் இயல்பு

இலண்டன் அலெக்சாண்டிரா மாளிகையிலிருந்து பி.பி.சி. நிறுவனம் முறையான தொலைக்காட்சிப் பணியை 1936 நவம்பர் 2-இல் தொடங்கியது. தில்லியில் 1959 செப்டம்பர் 15-இலும், கோலாலம்பூரில் 1963 டிசம்பர் 28-இலும், சென்னையில் 1975 ஆகஸ்டு 15-இலும் தொலைக்காட்சி பிறந்தது. படத்தை நாடாவில் பதிந்துவைக்கும் கருவி 1956-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆதலின் அதற்கு முற்பட்ட தொலைக்காட்சியில் பெரும்பகுதி அன்றன்று நிகழ்ந்தபடியே காட்டப்பெற்றது. 1953 ஜூன் 2-இல் நடந்த எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவைப் பிரிட்டனில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் அவ்வாறே கண்டனர். ஒரு காமிரா மடத்தின் வாயிலைக் காட்ட, மற்றொன்று ஊர்வலத்தைக் காட்ட, இன்னொன்று பீடத்தைக் காட்ட, இடையறாத ஒரே காட்சியாக அது வீடுகளைச் சென்றடைந்தது.

அவ்வொரே காட்சிக்குப் பின்னால் பல கைகள் உள்ளன. கட்டுப்பாட்டு அறையில் ஒவ்வொரு காமிராவின் படமும் தனித்தனித் திரையில் தோன்றும். இயக்குநர் அவை அனைத்தையும் ஒருங்கே நோக்கி, அடுத்துச் செல்ல வேண்டியது எது என்பதை வாயாற் கூறுவார். அவர் சொல்லைக் கேட்டுக் காட்சி மாற்றுநர் பொத்தானை அழுத்துவார். எந்தக் காமிராவின் படம் வெளியே செல்கின்றதோ அதன் தலையில் செவ்விளக்கு எரியும். அவ் விளக்கு எரியும்வரை அக் காமிராக்காரர் தம் கருவியைத் தாறுமாறாக அசைத்தல் கூடாது. அணைந்த அளவிலே அடுத்த காட்சிக்குரிய இடத்தைத் தேடி நகர்தல் வேண்டும். ஒலிப் பொறுப்பாளர், பேசப்போகின்றவர் வாய் திறக்குமுன் அவர் ஒலிவாங்கியைத் திறந்துவிடல் வேண்டும். தள மேலாளர், ஒலிவாங்கிகள் திறந்திருக்கும்போது தாம் வாய் திறத்தலாகாமையின், கையசைவாலேயே மேடையிலிருப்பவருக்குக் குறிப்புத் தருவார். நேரம் கணிப்பவர் எண்ணிக்கையைப் பின்னோக்கிக் கூறிவருவார். இவர்களுள் ஒருவர் ஒரு நொடி பிந்தினும் பிழை ஊரறிந்துவிடும். மீண்டும் எடுப்போம் என்னும் ஆறுதல் இங்கு இல்லை.

இக் கலையைக் கற்பிப்போர் கையாளும் முறை கருதத்தக்கது. கற்க வந்தவனை ஒரே கருவியில் நிறுத்திவிடுவதில்லை. இன்று காமிராவைப் பிடித்தவன் நாளை அதன் வடத்தைச் சுருட்டுவான். மறுநாள் ஒலிப்பெட்டியின் முன் அமர்வான். அதன் பின்னர்த் தளத்தில் நிற்பான். இறுதியில் இயக்குநர் இருக்கைக்கு வருவான். காமிராவை ஒரு கோணத்திலிருந்து மற்றொரு கோணத்திற்குத் திருப்ப எத்துணைக் காலம் வேண்டும் என்பதைத் தோளால் உணர்ந்தவனே, இயக்குநனாக அமர்ந்தபோது இயலாத கட்டளை இடாதிருப்பான். கட்டளையிடும் இருக்கையின் நெருக்கடியை ஒருமுறையேனும் அறிந்தவனே, காமிராவின் பின் நிற்கும்போது சொல் வருமுன் குறிப்பை உணர்வான். எல்லோரையும் எல்லாவற்றிலும் வல்லவராக்குதல் இதன் நோக்கமன்று. ஒவ்வொருவரும் மற்றவர் தொழிலின் அருமையைத் தம் மெய்யால் அறிதலே நோக்கமாகும்.

ஒருவர் இலக்கணத்தில் மற்றவர்

இவ் வறிவோடு அரங்கேற்று காதைக்குத் திரும்பினால், பட்டியலெனத் தோன்றியது வேறொன்றாகத் தோன்றும். இளங்கோ ஒவ்வொரு கலைஞனுக்கும் இலக்கணம் கூறும்போது, அவன் கருவியைப்பற்றி மட்டும் கூறி நிறுத்தவில்லை. பிறர் தொழிலை அவன் எவ்வளவு அறிந்திருக்க வேண்டும் என்பதையே விரித்துரைக்கின்றார்.

ஆடலாசான் இருவகைக் கூத்தையும் பதினோராடலையும் அறிந்தால் மட்டும் போதாது. பாட்டும் கொட்டும் அறிந்திருத்தல் வேண்டும். இசையாசானுக்குக் கூறிய இலக்கணத்தில் அவனுடைய மிடற்றுக்கு முன்னரே யாழும் குழலும் தாளமும் இடம்பெறுகின்றன. தண்ணுமையும் ஆடலும் தொடர்கின்றன. புலவனின் உட்கருத்தை அவன் உணர்தலும் வேண்டப்படுகின்றது. புலவனோ தமிழ் முழுதும் அறிந்தவன். ஆயினும் அவன் தனக்குத் தோன்றியவாறு பாட்டெழுதித் தந்துவிட்டு ஒதுங்குபவன் அல்லன். அரசர்க்குரிய கூத்தும் பொதுமக்களுக்குரிய கூத்தும் ஆகிய இரண்டின் நூல்களையும் கற்று, இசையாசான் வகுத்த அமைப்பை உணர்ந்து, அதற்குள் தன் சொல்லை நிறுத்துபவனே அரங்கப் புலவன் என்கின்றார். சொல்லைப் பெரிதென மதிக்கும் ஒரு புலவர், அரங்கில் சொல் இசையின் அமைப்பிற்கு இணங்கி நிற்க வேண்டும் என்று வகுத்தமை வியக்கத்தக்கது.

இவர்களுள் தண்ணுமை முதல்வனுக்குக் கூறிய இலக்கணமே மிக ஆழமானது. ஆடல், பாடல், இசை, தமிழ், பண், தாளம் முதலியவற்றையெல்லாம் குற்றமற உணர்ந்தவன் அவன் என்று தொடங்குகின்றது அப் பகுதி. யாழும் குழலும் மிடறும் தம்முள் இசைந்து ஒலிப்பதைச் செவி தாழ்த்திக் கேட்டு, குறைந்தவிடத்து நிரப்பியும், மிகுந்தவிடத்து அடக்கியும், தன் கருவி பிறவற்றிற்கு மேற்பட்டு ஒலியாதவாறு காத்தும் விரலை இயக்குதல் அவன் கடன். முழக்கமே இயல்பாகிய ஒரு கருவியைக் கையிற் கொண்டவனுக்கு அடக்கமே முதற் கல்வி என்பது இதன் கருத்து. கட்டுப்பாட்டு அறையில் ஒலிப் பொறுப்பாளர் செய்வதும் இதுவே. அவர் பணி செம்மையாக நடந்தால் அப்படி ஒருவர் இருந்தாரென்பதே காண்போர்க்குத் தெரிவதில்லை.

குழலோனுக்கு வேறொரு நுட்பம் கூறப்படுகின்றது. அவன் முழவின் கண்ணெறி அறிந்தவனாய்த் தண்ணுமையோனோடு பொருந்தி, யாழின் இசையை உளங்கொண்டு, இசையாசான் பாட்டில் முன்னர் வந்ததனை வளர்த்தலும் இனி வரப்போவதனை முன்னுணர்ந்து சேர்த்தலும் செய்பவன். செவ்விளக்கு எரிகையில் இருக்கும் காட்சியைச் செம்மையாக நிறுத்திக்கொண்டே, அடுத்து வருவதை ஒரு கண்ணால் தேடும் காமிராக்காரரின் நிலை இதனின் வேறன்று. இறந்த காலம், நிகழ் காலம், எதிர்காலம் ஆகிய மூன்றும் அவன் ஒரு மூச்சில் அடங்குகின்றன.

நிழலும் திரையும்

கலைஞரை அடுத்து அரங்கின் அமைதி கூறப்படுகின்றது. நல்ல மலையில் வளர்ந்த மூங்கிலில் கணுக்களுக்கிடையே ஒரு சாண் அளவுள்ளதைத் தேர்ந்து, 24 விரல் அளவு ஒரு கோலாக நறுக்கி, அக் கோலால் 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமும் உடையதாக அரங்கு இயற்றப்பட்டது. தளத்திற்கும் மேலிட்ட பலகைக்கும் இடைவெளி 4 கோல். வாயில்கள் இரண்டு. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி எனத் திரைகள் மூன்று. வினாத்தாளுக்கு உதவுவன இவ்வெண்களே. கருத்து நிற்பதோ வேறிடத்தில்.

தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாது புறத்தே சென்று விழுமாறு விளக்குகள் நிறுத்தப்பட்டன என்று இளங்கோ கூறுகின்றார். ஒரு சிறு தொடரில் அடங்கிவிட்ட இச் செய்தியின் பின்னே எத்துணைத் தேர்ச்சி உள்ளது என்பதை மேடையில் விளக்கமைத்தவரே அறிவர். தூணை அகற்ற இயலாது. அகற்றினால் அரங்கு நில்லாது. விளக்கையும் அகற்ற இயலாது. அகற்றினால் ஆடல் தோன்றாது. இரண்டையும் வைத்துக்கொண்டு நிழலை மட்டும் வெளியேற்றுதல் வேண்டும். பல காமிரா அரங்கிலும் ஒளியமைப்பாளரின் பெருங்கவலை நிழலேயாகும். ஒரு காமிராவின் பார்வைக்குப் படாத நிழல் மற்றொன்றின் பார்வையில் முகத்தின் குறுக்கே விழும். தலைக்குமேல் நீட்டிய ஒலிவாங்கியின் நிழல் பின்சுவரில் ஊர்ந்து செல்லும். ஆதலின் ஒளியமைப்பாளர், ஆடுவோர் எங்கு நிற்பர், காமிராக்கள் எங்கு நிற்கும், ஒலிவாங்கி எங்கு நீளும் என்பவற்றையெல்லாம் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். புகாரில் அரங்கமைத்த தச்சரும் ஆடலின் நெறியை அறிந்திராவிடின் தூணின் நிழல் விழும் இடம் பிழையென்று அவர்க்கு எங்ஙனம் தெரிந்திருக்கும்?

ஒருவர் வழி ஒருவர்

மாதவி வலக்கால் முன்வைத்து ஏறி வலப்புறத் தூணருகே நிற்கின்றாள். இடப்புறத் தூணருகே தோரிய மகளிர் நிற்கின்றனர். தோரிய மகளிர் என்போர் முன்னர் ஆடி முதிர்ந்தவர் என்பது உரை. அஃதாவது, ஒரு காலத்தில் நடு அரங்கில் நின்றவர் பின்னர் ஓரத்தூணுக்கு வந்து, புதியவளுக்குப் பாட்டால் துணைநிற்கின்றனர். ஒருவர் வாழ்நாளிலேயே அரங்கின் பணிகள் மாறிவருதலை இதனினும் சுருக்கமாகக் காட்டுதல் அரிது. இவர்களை இளங்கோ மறவாது நிறுத்தியமை எண்ணி மகிழ்தற்குரியது.

அதன்பின் கருவிகள் ஒலிக்கின்றன. குழலின் வழியே யாழ் செல்கின்றது. யாழின் வழியே தண்ணுமை செல்கின்றது. தண்ணுமையின் பின்னே முழவு வருகின்றது. முழவோடு ஆமந்திரிகை கூடுகின்றது. யார் உயர்ந்தவர், யார் தாழ்ந்தவர் என்னும் வரிசை இங்கு இல்லை. யார் யாருக்குச் செவிகொடுத்தார் என்னும் வரிசையே உள்ளது. கலைஞர் இலக்கணம் முழுவதும் இவ்வொரு கணத்திற்காகவே கூறப்பட்டது என்பது இப்பொழுது விளங்கும். பிறர் தொழிலைக் கற்றிருந்தமையாலேயே ஒருவர் வழி ஒருவர் செல்ல முடிந்தது.

இங்கு ஒரு தடை எழக்கூடும். தொலைக்காட்சிப் பயிற்சியில் ஒருவன் எல்லாப் பணிகளையும் மாறிமாறிச் செய்து பயில்கின்றான். இளங்கோவோ அறிந்து, உணர்ந்து, பொருந்தி என்றே கூறுகின்றார். குழலோன் முழவு அடித்தான் என்றோ புலவன் யாழ் இசைத்தான் என்றோ கூறவில்லையே என்பது அத் தடை. இத் தடை வலியுடையதே. அறிதலும் இயற்றலும் ஒன்றல்ல. எனினும் இதற்கு விடை மணிமேகலையில் உள்ளது. ஊரலருரைத்த காதை, நாடக மகளிர் கற்ற கலைகளை வரிசைப்படுத்துகின்றது. இருவகைக் கூத்து, பாட்டு, தாளம், யாழ், குழல், தண்ணுமை ஆகியவற்றோடு ஓவியம் எழுதுதல், மலர் தொடுத்தல், கோலஞ் செய்தல், காலக்கணிதம் முதலியனவும் அவ் வரிசையில் அடங்கும். இக்காலத்துச் சொல்லாற் கூறின் திரையோவியமும் ஒப்பனையும் நேரக்கணிப்பும் ஆடுபவளே கற்றாள் என்பதாம். 7 ஆண்டு பயின்று, 12-ஆம் ஆண்டில் அரங்கேறிய மாதவி அத்தகைய கல்வி மரபில் வந்தவள். கானல்வரியிலும் வேனிற்காதையிலும் அவள் தானே யாழ் கைக்கொண்டு பாடுதலும் காண்க. எனவே ஆசான்மார்க்கு அறிதலும், மாணவிக்கு இயற்றலும் விதிக்கப்பட்டன என்று கொள்ளுதல் பொருந்தும்.

பிற்காலத்திலும் இம் மரபு அற்றுப்போகவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) முதலில் எமன், சனீசுவரன் போன்ற வேடங்களில் நடித்தவர், பின்னர் நாடகம் எழுதினார், பாட்டுப் புனைந்தார், பயிற்றும் ஆசிரியரானார். அவர் 1918-இல் மதுரையில் அமைத்த தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையில் சிறுவராகச் சேர்ந்த டி. கே. எஸ். சகோதரர்கள் பிற்காலத்தில் நடிகராகவும் குழுத்தலைவராகவும் விளங்கினர். ஆடிய கால்களே பின்னர் அரங்கை நடத்தும் கைகளாயின.

கானல்வரியில் அற்ற இழை

அரங்கேற்று காதை கதையோட்டத்தைத் தடுக்கின்றது என்னும் குறைக்கு விடை கூறவேண்டிய இடம் இதுவே. அக் காதையின் முடிவில் மன்னன் மாதவிக்குப் பச்சை மாலையும் 1,008 கழஞ்சுப் பொன்னும் தலைக்கோலிப் பட்டமும் அளிக்கின்றான். உடனே அம் மாலை கூனியின் கையில் ஏறித் தெருவில் விலைபேசப்படுகின்றது. கோவலன் வாங்குகின்றான். ஆடலாசானும் இசையாசானும் புலவனும் குழலோனும் தண்ணுமையோனும் தச்சரும் தோரிய மகளிரும் கூடி நிறுத்திய ஒரு கலை, ஒரே ஒருத்தியின் விலையாகச் சுருங்கிவிட்டது. முன்னே அத்துணை விரிவாக அக் கலைஞர்களைப் பற்றிக் கூறியிராவிடின், இச் சுருக்கத்தின் கொடுமை உறைத்திராது. பட்டியல் நீண்டதனாலேயே வீழ்ச்சி பெரிதாயிற்று.

இன்னும் ஒன்று உண்டு. கானல்வரியில் கோவலனும் மாதவியும் கடற்கரையில் தனித்திருக்கின்றனர். யாழ் ஒன்றுதான் உள்ளது, அது கைம்மாறுகின்றது. அவன் பாடுகின்றான், வேறொருத்தியை நினைந்து பாடினான் என அவள் கொள்கின்றாள். அவள் பாடுகின்றாள், வேறொருவனை நினைந்து பாடினாள் என அவன் கொண்டு பிரிகின்றான். அரங்கேற்று காதையில் ஒருவர் வழி ஒருவர் சென்றனர். இங்கோ இருவரே இருந்தும் ஒருவர் வழி மற்றவர் செல்லவில்லை. இருவரும் இசை வல்லவர்; செவி மட்டும் தவறிற்று. முன்னதன் இலக்கணத்தை நன்கு பயின்றவனுக்கே பின்னதன் அவலம் முழுதும் விளங்கும். ஆதலின் அரங்கேற்று காதை, கானல்வரியின் அடித்தளம் எனல் வேண்டும்.

பாடிய பாட்டைத் திரும்பப்பெற இயலாது. மாதவி வேனிற்காதையில் மடல் எழுதி வசந்தமாலையிடம் விடுக்கின்றாள், கோவலன் ஏற்கவில்லை. மீண்டும் எழுதிய மடல் கோசிகமாணி கையாற் புறஞ்சேரியில் சேர்கின்றது. அப்பொழுது அவள் குற்றமற்றவள் என்பதைக் கோவலன் உணர்கின்றான். ஆனால் மதுரை அணித்தாகிவிட்டது. வெளியே சென்றுவிட்ட காட்சிக்குப் பின்னர் அனுப்பும் திருத்தம் எத்துணை உண்மையாயினும் அக் காட்சியை மாற்றாது என்பது நேரலைக் கலைஞர் நாள்தோறும் கற்கும் பாடம். இளங்கோ அதனை வாழ்க்கையின் பாடமாகவே வைத்தார்.

தேயிலை மலையில் ஒரு வகுப்பு

இவ் வாராய்ச்சி ஏட்டளவில் நின்றுவிடின் பயன் சிறிதே. பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் வடபுறத்தே கம்போங் ராஜா என்னும் சிற்றூர் உள்ளது. ப்ளூ வேலித் தேயிலைத் தோட்டம் அதற்கு அணித்தே அமைந்தது. அம் மலையில் போ தேயிலை நிறுவனம் 1929-இல் தொடங்கிய காலம் முதலாகத் தமிழ்த் தொழிலாளர் உழைப்பால் தேயிலை விளைந்து வந்துள்ளது. அத்தகைய தோட்டத்துப் பிள்ளைக்குப் புகாரின் அரங்கு தொலைவிலிருப்பதாகத் தோன்றலாம். ஆசிரியர் ஒருவர் அதனை அணித்தாக்க விரும்பினால் தேயிலை ஆலையிலிருந்தே தொடங்கலாம்.

கொழுந்து கிள்ளல், வாட்டல், உருட்டல், நொதிக்கவைத்தல், உலர்த்தல், சலித்துத் தரம் பிரித்தல் எனப் பணிகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. கிள்ளியவர் முற்றிய இலையைக் கலந்துவிட்டால் அதன் குறை இறுதிவரை தொடரும். வாட்டம் குறைந்தால் உருட்டும்போது சாறு வீணாகும். மிகுந்தால் இலை நொறுங்கும். உருட்டுபவர் வாட்டத்தை அறியாராயின் தம் பொறியை எவ்வளவு அழுத்துவதென அறியார். நொதித்தல் அளவு கடந்துவிட்டால் அவ் விலையை மீண்டும் பசுமையாக்க எவராலும் இயலாது. பாட்டனும் பாட்டியும் செய்த இத் தொழிலை அறிந்த பிள்ளைக்கு, குழலின் வழி யாழும் யாழின் வழி தண்ணுமையும் செல்வது விளங்காத பொருளாகாது. இலக்கியத்தை விளக்க வாழ்க்கையிலிருந்து எடுத்த சான்று இது. தொழிலாளர் அறிவை இலக்கியத்தின் அறிவோடு ஒரு தட்டில் வைப்பதும் ஆகும்.

மலைத்தோட்டங்களில் தொலைக்காட்சி அலை எளிதில் எட்டியதில்லை. நேர்க்கோட்டிற் செல்லும் அவ்வலையை மலை மறைத்துவிடும். இன்றோ நிலை மாறியுள்ளது. கையடக்கத் தொலைபேசிகள் சிலவற்றை வைத்துக்கொண்டே கோயில் திருவிழாவையும் பள்ளிக் கலைவிழாவையும் பல கோணங்களிலிருந்து நேரலையாகக் காட்ட இயலும். ஆனால் கருவி மலிந்த அளவிற்குக் கல்வி மலியவில்லை. நான்கு பேர் நான்கு கோணங்களிற் படம் பிடிக்கின்றனர். நால்வரும் ஒரே முகத்தை நோக்குகின்றனர். ஒருவர் நகரும்போது மற்றவரும் நகர்கின்றார். ஒலி எங்கிருந்து வருகின்றதென எவரும் எண்ணுவதில்லை. ஒருவர் வழி ஒருவர் செல்லாமையே இதன் குறை. ஒளிபரப்புத் தொழிலில் முறையான பயிற்சி வேண்டும் என்பதை ஆசிய நாடுகள் முன்னரே உணர்ந்தன. ஆசிய பசிபிக் ஒலிபரப்பு மேம்பாட்டு நிறுவனம் 1977-இல் கோலாலம்பூரில் நிறுவப்பெற்றது. அத்தகைய பயிற்சியின் உயிர்நாடியை ஒரு தமிழாசிரியர் செலவின்றியே தம் வகுப்பிற்குக் கொண்டுவர இயலும்.

பள்ளி விழாக்களில் நிகழ்வதை நோக்குக. குரல் இனியவன் எந்நாளும் பாடுகின்றான். நிறமும் நிமிர்வும் உடையவள் எந்நாளும் நடு அரங்கில் நிற்கின்றாள். பேச அஞ்சும் பிள்ளை எந்நாளும் திரை இழுக்கின்றது. ஆண்டுகள் கடந்தபின் திரை இழுத்தமையை அப் பிள்ளை தன் தகுதியின் அளவாகவே எண்ணிக்கொள்கின்றது. இது கலையில் நேரும் பிழை மட்டுமன்று; கல்வியில் நேரும் பிழையாகும். மூவகை எழினியையும் பெயர் கூறிச் சிறப்பித்த காப்பியத்தை வைத்துக்கொண்டு, எழினி இழுப்பதை இழிந்த பணியாகக் கருதுவது எங்ஙனம் பொருந்தும்? ஒரே நாடகத்தை ஐந்து முறை ஒத்திகை பார்க்கும்போது ஐந்து முறையும் பணிகளை மாற்றித் தந்தால், பாடியவன் திரையின் கனத்தை அறிவான். திரை இழுத்தவள் தன் குரலை அறிவாள். இறுதி நாளன்று அவரவர் தமக்குரிய இடத்தில் நிற்கலாம். ஆயினும் அன்று அவர்கள் நிற்கும் நிலை வேறாகவே இருக்கும்.

இக் காதையின் நுட்பங்கள் இன்று கிடைப்பதே ஒரு பேறு எனல் வேண்டும். உ. வே. சாமிநாதையர் 1892-இல் அரும்பதவுரையோடும் அடியார்க்குநல்லார் உரையோடும் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்திராவிடின் இக் கலைச்சொற்களுட் பல பொருள் விளங்காமலே போயிருக்கும். அடியார்க்குநல்லார் இசைநுணுக்கம், பரதசேனாபதியம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல் முதலிய பழைய நூல்களைத் துணைக்கொண்டு உரை வகுத்தார். ஒருவர் பாடியதை மற்றொருவர் விளக்கி, அதனை வேறொருவர் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்தார். நூல் வாழ்ந்த வரலாறும் ஒருவர் வழி ஒருவர் சென்ற வரலாறே.

இளங்கோ அவ் வாசான்மார் ஒருவருக்கேனும் பெயர் சூட்டவில்லை. ஆடலாசான், இசையோன், குழலோன் என்று தொழிலாலேயே குறித்தார். பெயர் பெற்றவள் மாதவி ஒருத்தியே. எனினும் அவளுக்குக் கிடைத்த மாலையைப் பற்றிக் கூறுமுன், பெயரற்ற அவர்கள் கற்ற கல்வி அனைத்தையும் எடுத்துரைத்துவிட்டே மேற்செல்கின்றார். நடு அரங்கில் விழும் ஒளி எங்கிருந்து வருகின்றதென்று ஒருமுறையேனும் திரும்பிப் பார்க்கக் கற்றவனே அரங்கேற்று காதையைக் கற்றவனாவான்.